கருவி வந்தது, கற்றல் வந்ததா?

வங்கியின் வளர்ச்சி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது காசு தரும் தன்னியக்க இயந்திரமே. அந்த இயந்திரம் மட்டும் ஒரு நிறுவனத்தை உயர்த்திவிடுமா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

கருவியின் பயனை மறுக்கலாகாது. முன்பெல்லாம் திருகோணமலையில் வைப்பிலிட்ட காசோலை காசாக வேண்டுமாயின் அந்தத் தாளே கொழும்புவரை பயணம் செய்ய வேண்டும். சோதனைச் சாவடிகள் நிறைந்த அந்நாட்களில் மூதூர் விவசாயி எத்தனை நாள் காத்திருந்தார் என்பதை நாம் அறிவோம். 2006 மே மாதம் லங்காகிளியர் நிறுவனம் காசோலையின் படத்தை மட்டும் அனுப்பும் முறையைத் தொடங்கியது. தென்னாசியாவில் இதுவே முதலாவது. காத்திருப்பு பெரும்பாலும் ஒரு வேலைநாளாகச் சுருங்கிற்று.

ஆனால் 1989இல் ஹற்றன் நஷனல் வங்கி தொடங்கிய 'கமி புபுதுவ' திட்டத்தில் இயந்திரம் எதுவும் முன்னிற்கவில்லை. அலுவலர் கிராமத்துக்கே சென்று, சிறு தொழில் செய்வோரின் வரவு செலவை நேரில் அறிந்து கடன் வழங்கினார். வங்கியே கற்றுக்கொண்டது என்பதுதான் அங்கு புதுமை. நம் கரையையே எடுத்துக்கொள்வோம். வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் வள்ளம் இறங்காது. அம்மாதங்களில் தவணை கேட்டு என்ன பயன்? இதை எந்தக் கணினியும் தானாக அறியாது.

இதன் மறுபக்கத்தையும் நம் பெண்கள் கண்டார்கள். சில நுண்கடன் நிறுவனங்கள் வங்காளதேசத்தின் கிராமீன் வங்கியிடமிருந்து குழுப் பிணையையும் வாராந்த அறவீட்டையும் எடுத்துக்கொண்டன. கடன்பெறுபவரின் தொழிலை அறியும் பொறுமையை விட்டுவிட்டன. கடனை அடைக்கக் கடன் என்ற நிலை வந்தது. 2016இல் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தும் தீரவில்லை. 2018இல் வரட்சியுற்ற மாவட்டங்களின் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அறவிடுவதில் அந்நிறுவனங்கள் திறமைசாலிகளே. அதை நாம் செயற்றிறன் என்று கொள்வதில்லை.

நமது சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் இப்போது கணினி கேட்கின்றன. கேட்கட்டும். ஆனால் அதை இயக்கத் தெரிந்த ஒரே பிள்ளை கட்டாருக்குப் போய்விட்டால் மறுமாதமே கணினிமேல் துணி போர்த்தப்படும். ஆகவே இருவராவது பயில வேண்டும். மாதக் கூட்டத்தில் கணக்கை உரத்து வாசிக்கும் பழைய வழக்கமும் தொடர வேண்டும். கணினி கூட்டித் தந்த தொகை சரியா என்று கேட்க உறுப்பினருக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

கலந்துரையாட: உங்கள் சங்கத்தில் தம் கணக்குப் புத்தகத்தைத் தாமே வாசித்து வட்டியைக் கணிக்கக்கூடியோர் எத்தனை பேர்? ஏனையோருக்கு யார், எந்த நாளில் கற்பிப்பது?