சவுண்டல் இலையும் ஹவாய்த் தீவின் ஆடும்

கோடை வந்துவிட்டால் ஆடு மாடு வளர்ப்போருக்குத் தீவனத்தைத் தவிர வேறு நினைப்பில்லை. வைக்கோல் வயிற்றை நிரப்பும். ஆனால் அதிலுள்ள புரதம் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்குதான். புண்ணாக்கு வாங்கிப் போடச் சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகாது. ஆகவேதான் மர இலைகளைத் தீவனமாக்கும் ஆராய்ச்சி வெப்ப நாடுகள் பலவற்றில் நடைபெற்றது. அவற்றுள் ஒரு மரத்தைப் பற்றிய ஆராய்ச்சியை மட்டும் இங்கே கூற விழைகிறேன்.

சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் நாம் அழைக்கும் மரத்தை வேலியோரங்களில் எல்லோரும் கண்டிருப்போம். இதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் ஆகும். வெட்ட வெட்டத் தழைக்கும், வறட்சியைத் தாங்கும். காய்ந்த இலையின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புரதம். இத்தகைய மரம் இருக்கும்போது தீவனப் பஞ்சம் ஏன் என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடும் எங்கள் ஊர்ப் பாட்டிமார்கள், “ரொம்பப் போடாதே, மயிர் கொட்டிப்போகும்” என்பார்கள். வேதியியல் நூலைப் புரட்டினால் பாட்டி சொன்னது சரி என்றே தெரிகிறது.

இவ்விலையில் மிமோசின் என்னும் அமினோ அமிலம் உள்ளது. தொட்டாற்சுருங்கிச் செடியின் தாவரவியல் பெயரிலிருந்து வந்த பெயர் இது. மயிர்க்கால்களில் செல்கள் பிரிந்து பெருகுவதை இது தடுத்துவிடுகிறது. குதிரை தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும். (ஆட்டு ரோமத்தைக் கத்தரியில்லாமல் எடுக்க இந்த நஞ்சே உதவுமா என்றுகூட 1970களில் ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்தனர்! அறிவியலார் எதையும் வீணாக்குவதில்லை.) அசைபோடும் விலங்குகளில் நிலைமை சற்று வேறானது. அவற்றின் முதல் இரைப்பையில் மிமோசின் சிதைந்து டி.எச்.பி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வேறொரு பொருளாகிறது. மிமோசின் போய்விட்டதே என்று மகிழ வழியில்லை. டி.எச்.பி. தைராய்டு சுரப்பியின் வேலையைக் கெடுக்கிறது. சுரப்பி வீங்குகிறது, பசி குறைகிறது, தீவனம் நிறைய இருந்தும் மாடு மெலிகிறது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பகுதியில் சவுண்டல் மேய்ந்த மாடுகளுக்கு இதுவே நேர்ந்தது. ஆனால் ஹவாய்த் தீவுகளில் அதே இலையை ஏராளமாகத் தின்ற ஆடுமாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டவர் ரேமண்ட் ஜோன்ஸ். சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் ஆஸ்திரேலிய ஆராய்ச்சி அமைப்பில் பணியாற்றியவர். நோயுற்ற மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில், நோயுறாத ஆட்டைப் போய்ப் பார்த்தார். அங்குதான் அவருடைய திறமை இருப்பதாக எனக்குப் படுகிறது. மரம் ஒன்று, விலங்கினம் ஒன்று. அப்படியானால் வேறுபாடு இரைப்பைக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்களில்தான் இருக்க வேண்டும் என்று 1981இல் எழுதினார்.

தேர்வில் மாட்டின் இரைப்பையை வரைந்து, நான்கு அறைகளுக்கும் பெயரெழுதி, மதிப்பெண் வாங்கியதோடு நாம் அந்த உறுப்பை மறந்துவிடுகிறோம். உண்மையில் அது ஒரு நொதித்தொட்டி. அதன் சாற்றில் ஒரு மில்லிலிட்டருக்குள் சுமார் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். புல்லைச் செரிப்பது மாடல்ல, இவைதான் என்றுகூடச் சொல்லலாம்.

ஊகத்தைச் சோதனையால் மெய்ப்பிக்க வேண்டுமல்லவா? இந்தோனேசிய ஆடொன்றின் இரைப்பைச் சாற்றை ஆஸ்திரேலிய ஆடுகளின் இரைப்பைக்குள் செலுத்தினர். அதன் பின் அந்த ஆடுகள் டி.எச்.பி.யைச் சிதைக்கும் ஆற்றல் பெற்றன. இம்முடிவு 1984இல் வெளியாயிற்று. ஹவாய் ஆடுகளிலிருந்து எடுத்த பாக்டீரியாக்களைக் கொண்டும் இவ்வாறே வெற்றி கண்டதை ஜோன்சும் மெகாரிட்டியும் 1986இல் அறிவித்தனர். மருந்தில்லை, மரத்தை மாற்றவில்லை. ஓர் ஆட்டின் வயிற்றிலிருந்ததை இன்னொன்றின் வயிற்றுக்கு மாற்றினார்கள், அவ்வளவே. மந்தையில் சில மாடுகளுக்குக் கொடுத்தால் கூட மேயும் மற்றவற்றுக்கும் அது பரவியது. பிராணவாயு பட்டால் பிழைக்காத அந்தப் பாக்டீரியாவுக்கு 1992இல் சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று பெயர் சூட்டினர். ஜோன்சின் பெயர் அதில் நிலைத்துவிட்டது. பின்னர் குவீன்ஸ்லாந்தில் இதை நொதிகலத்தில் வளர்த்து, உறையவைத்துப் பண்ணையாளருக்கு வழங்கினர்.

பாடநூலாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் 2010க்குப் பின் ஷெல்டன், ஹாலிடே முதலியோர் ஒரு புதிய கேள்வியை எழுப்பினர். இந்தோனேசியத் தீவுகளில் ஏறக்குறைய முழுத் தீவனமாகவே சவுண்டல் தின்று கொழுக்கும் காளைகளின் சிறுநீரைச் சோதித்தபோது டி.எச்.பி. ஏராளமாக இருந்தது. அதாவது, பாக்டீரியா அதை முழுவதும் அழிக்கவில்லை. ஆயினும் காளைகள் நலமாக இருந்தன! கல்லீரல் அதனை வேறொரு பொருளோடு பிணைத்துத் தீங்கற்றதாக்கி வெளியேற்றுவதே காரணம் என்றும், விலங்கு சில வாரங்களில் தானே பழகிக்கொள்கிறது என்றும் அவர்கள் கருதினர். அப்படியானால் பாக்டீரியாவைப் புகட்டுவது தேவைதானா என்று 2019இல் வெளிப்படையாகவே கேட்டனர். ஜோன்சின் சோதனைகள் பொய்யென்று இதற்குப் பொருளல்ல. ஒரே நஞ்சுக்கு இரைப்பையில் ஒரு மாற்றும் கல்லீரலில் இன்னொரு மாற்றும் இருக்கலாம். எது எவ்வளவு என்பதே வழக்கு.

நாலைந்து வெள்ளாடுகளை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இவ்வழக்கின் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க முடியாது. மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சவுண்டல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கைப்பிடியளவு தொடங்கி நாளுக்கு நாள் கூட்டலாம். குதிரைக்கும் பன்றிக்கும் கோழிக்கும் முதல் இரைப்பை என்னும் அந்தத் தொட்டியே இல்லையாதலால், அவற்றின் பக்கம் இத்தழையைக் கொண்டுபோகாதிருப்பது நலம்.