கூடுதல் படிப்பு கைகொடுக்குமா?

அரசுத் தொழில்நுட்பப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது, ‘கேட்டதைவிட அதிகம் படித்திருக்கிறேன், தள்ளிவிடவா போகிறார்கள்?’ என்று நம்பிவிடாதீர்கள். ஜம்மு காஷ்மீரில் மூன்றாம் நிலை டெக்னீஷியன் பணிக்கு மெட்ரிக்குடன் ஐடிஐ கேட்டார்கள். எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவர்கள் தங்களையும் சேர்க்கச் சொல்லி வழக்காடினார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே நீதிமன்றம் 2010-இல், கேரள மின்வாரிய சப் இன்ஜினீயர் பணிக்கு டிப்ளமோ கேட்ட வழக்கில், பி.டெக். படித்தவர்கள் பக்கம் நின்றது. முரண்போலத் தோன்றினாலும் காரணம் எளிது: கேட்ட தகுதியை உள்ளடக்கிய உயர்தகுதியை ஏற்கலாம் என்று கேரள விதியிலேயே இருந்தது, காஷ்மீரில் அப்படி ஒரு விதி இல்லை.

கூடுதலாகப் படித்தது குற்றமா என்று கேட்பீர்கள். நியாயமான கோபம்தான். ஆனால் எந்தப் பணிக்கு எந்தப் படிப்பு என்று வகுப்பது வேலை தருபவரின் உரிமை. தவிர, மேல்படிப்புக்காரர்களை எல்லாம் உள்ளே விட்டால், கருவி பிடித்துப் பழகிய ஐடிஐக்காரர் எங்கே போவார்? எனவே அறிவிக்கையோடு பணி விதிகளையும் தேடிப் படியுங்கள். உங்கள் படிப்பின் பெயர் அங்கே அச்சொட்டாக இல்லையென்றால் இணைத்தன்மை அரசாணையைக் கையில் வைத்திருங்கள். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் அது அறிவிக்கை நாளிலோ அதற்கு முன்போ வெளியானதாக இருக்க வேண்டும். சந்தேகத்தை விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் வாதாடிப் பயனில்லை.