கணிப்பொறிக்கு நிபந்தனை சொல்வது எப்படி?



“மழை பெய்தால் இன்றைக்குப் பட்டாசு ஆலையில் வேலை இருக்காது” என்று நம் ஊரில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதில் ‘மழை பெய்தால்’ என்பது நிபந்தனை. மற்றது அதன் விளைவு. கணிப்பொறிக்கு எழுதும் நிரலிலும் இத்தகைய வாக்கியம் உண்டு. அதை நிபந்தனைக் கூற்று என்பர். நிபந்தனை மெய்யானால் ஒரு வேலை. பொய்யானால் வேறு வேலை. ‘பார்க்கலாம்’ என்ற நம் வீட்டு விடை கணிப்பொறியிடம் கிடையாது.

நம் வட்டாரத்து எடுத்துக்காட்டு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2018ஆம் ஆண்டு, தீபாவளியன்று 2 மணி நேரமே பட்டாசு வெடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழக அரசு அதைக் காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் எனப் பிரித்து அறிவித்தது. இவ்விதியைக் கணிப்பொறிக்குக் கற்பிப்போம். ரயில் அட்டவணையைப் போல 24 மணிக் கணக்கு வைத்துக்கொள்வோம். அப்போது இரவு 7 என்பது 19. காலை ஆறரை என்பது 6.5.

அறிவிப்பில் ‘வரையும், வரையும்’ என்று ‘உம்’ வருகிறதல்லவா? அதை நம்பி, “காலை நேரமாகவும் இரவு நேரமாகவும் இருந்தால் வெடிக்கலாம்” என்று எழுதினால், கணிப்பொறி மறுப்பே சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒரே கடிகாரம் ஒரே நொடியில் 6.5 என்றும் 19.5 என்றும் காட்டுமா? நிபந்தனை ஒருபோதும் மெய்யாகாது. தீபாவளி முழுவதும் ஒரு மத்தாப்புக்கூடக் கொளுத்த முடியாது! இங்கே வேண்டிய சொல் ‘அல்லது’.

காலை நேரத்தை மட்டும் சொல்லும்போதோ நிலைமை தலைகீழ். மணி 6 அல்லது அதற்கு மேல் என்பதும், 7க்குக் கீழ் என்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும். அவ்விரண்டுக்கும் நடுவே ‘அல்லது’ போட்டால் நள்ளிரவும் நண்பகலும்கூடத் தேறிவிடும்.

முத்தையா அண்ணாமலை என்பவர் உருவாக்கிய ‘எழில்’ என்னும் நிரல்மொழியில் கட்டளைகளைத் தமிழிலேயே எழுதலாம். அதில் ‘ஆனால்’ என்பது ‘எனினும்’ என்ற பொருளில் வருவதன்று. ‘மெய்யானால்’ என்பதில் உள்ள ‘ஆனால்’.

@( மணி < 6 ) ஆனால்
  பதிப்பி "கூடாது"
@( மணி < 7 ) இல்லைஆனால்
  பதிப்பி "வெடிக்கலாம்"
@( மணி < 19 ) இல்லைஆனால்
  பதிப்பி "கூடாது"
@( மணி < 20 ) இல்லைஆனால்
  பதிப்பி "வெடிக்கலாம்"
இல்லை
  பதிப்பி "கூடாது"
முடி

கணிப்பொறி மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் மெய்யாகும் இடத்திலேயே நின்றுவிடும். ஆகவே 7 என்ற வரிக்கு வரும்போது மணி 6க்குக் குறைவில்லை என்பது முன்னரே முடிவாகிவிட்டது. அதை மறுபடி கேட்க வேண்டியதில்லை. 20 என்ற வரியை எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைத்தால் என்ன ஆகும்? விடியற்காலை 3 மணிக்கும் அனுமதி கிடைத்துவிடும்.

இப்போது 5.9, 6, 7, 19, 20 ஆகிய எண்களை ஒவ்வொன்றாக இந்நிரலில் இட்டு, வரும் விடையைத் தாளில் எழுதிப் பாருங்கள். சரியாக 7 மணிக்கு என்ன விடை வருகிறது? அதுதான் உங்களுக்கு வேண்டிய விடையா?