சாஃப்ட் டாப்பா, ஹார்ட் டாப்பா? வண்டி நிற்கும் இடத்திலிருந்து முடிவெடுங்கள்

மஹிந்திரா தார் வாங்க நினைப்பவர்கள் டீசலா பெட்ரோலா, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று மாதக்கணக்கில் அலசுகிறார்கள். கூரையை மட்டும் ஒரு புகைப்படத்தைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். வாங்கிய பிறகு வெயில், மழை, இரைச்சல், திருட்டு பயம், பின் இருக்கையில் உட்காரும் பிள்ளைகளின் சௌகரியம் எல்லாம் அந்தக் கூரையைப் பொறுத்தே அமைகின்றன. பிறகு மாற்றலாம் என்றால் செலவோடு சட்டச் சிக்கலும் சேர்ந்து வரும்.

பெரும்பாலான சொந்த வண்டிகள் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகம். அதனால் எங்கே ஓட்டப் போகிறோம் என்பதற்கு முன்னால் எங்கே நிறுத்தப் போகிறோம் என்று கேட்டால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அந்த வரிசையில்தான் கீழே உள்ள படிகள் அமைந்திருக்கின்றன.

படி 1: எதற்கும் எதற்கும் இடையே தேர்வு என்று தெரிந்துகொள்ளுங்கள்

தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்புகளில் படுதாக் கூரையை இன்றும் பார்க்கலாம். கிழிந்தால் குஷன் கடையில் கொடுத்துத் தைத்து மாட்டிவிடுவார்கள். 2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்த புதிய தலைமுறைத் தார், அந்தப் படுதா மரபையும் கெட்டிக் கூரையையும் ஒரே வண்டியில் கொடுத்தது. நிலையான துணிக்கூரை, மடக்கித் திறக்கும் கன்வெர்ட்டிபிள் சாஃப்ட் டாப், ஃபைபர் ஹார்ட் டாப் என்று மூன்று வகைகள் வந்தன.

மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா, 2024-இல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸ் ஆகியவற்றில் கூரை நிலையானது. ஜீப் ராங்ளரில் ஹார்ட் டாப்பையே துண்டு துண்டாகக் கழற்றலாம். விலைதான் பல மடங்கு. ஆகவே இந்தக் கேள்வி பெரும்பாலும் மூன்று கதவு தார் வாங்குபவர்களுக்கானது. எந்த வகை இப்போது கிடைக்கிறது என்று ஷோரூமில் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய வண்டிச் சந்தையில் இரண்டும் இருக்கின்றன.

ஒன்றை முன்கூட்டியே மனதில் வையுங்கள். தாரின் ஹார்ட் டாப் போல்ட் போட்டு இறுக்கியது. ஞாயிற்றுக்கிழமை கழற்றித் திங்கட்கிழமை மாட்டும் பொருள் அது இல்லை. ஹார்ட் டாப் வாங்கினால் மூடிய வண்டி வாங்குகிறீர்கள் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

படி 2: வண்டி நிற்கும் இடத்தைப் பாருங்கள்

வீட்டிலும் அலுவலகத்திலும் வண்டி நிற்கும் இடங்களுக்கு ஒருமுறை மதியம், ஒருமுறை இரவு போய் நின்று பாருங்கள். கீழ்க்கண்டவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெயில்: துணியையும் அதிலுள்ள பிளாஸ்டிக் ஜன்னலையும் கெடுப்பதில் முதலிடம் வெயிலின் புற ஊதாக் கதிர்களுக்குத்தான். துணி வெளிறும், தையல் நூல் இற்றுப்போகும், ஜன்னல் மஞ்சளடித்து மங்கும். வேலூர், மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் வருடம் முழுக்க வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு சாஃப்ட் டாப் பொருந்தாது.

மழை: வால்பாறை, கூடலூர் போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழையில் துணி நாள்கணக்கில் காயாது. ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், உள்ளே வாடை நிற்கும்.

கடற்காற்று: கிழக்குக் கடற்கரையோர ஊர்களில் உப்புப் படிந்து ஜிப் இறுகும், கூரைச் சட்டத்தின் இணைப்புகள் துருப்பிடிக்கும்.

குரங்கும் திருட்டும்: ஏற்காடு, கொடைக்கானல் சாலைகளில் தின்பண்ட வாசனைக்கு வரும் குரங்குக்குத் துணி ஒரு தடையே இல்லை. கத்தி வைத்திருக்கும் திருடனுக்கும் அப்படித்தான். தெருவோரம் நிறுத்துபவர் சாஃப்ட் டாப் வண்டிக்குள் எதையும் விட்டுவிட்டுப் போக முடியாது.

பூட்டிய ஷெட்டோ, கூரை போட்ட பார்க்கிங்கோ இருந்தால் இந்தக் கவலைகளில் பெரும்பகுதி குறையும். இல்லையென்றால் இந்தப் படியிலேயே விடை கிடைத்துவிட்டது: ஹார்ட் டாப்.

படி 3: ஒரு வாரத்து ஓட்டத்தை எழுதுங்கள்

கனவுப் பயணத்தை எழுதாதீர்கள். சாதாரண வாரத்தை எழுதுங்கள். அலுவலகத்துக்கு எத்தனை கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் எவ்வளவு, பின் இருக்கையில் யார், வீட்டில் வேறு கார் உண்டா?

நெடுஞ்சாலை வேகத்தில் சாஃப்ட் டாப் படபடக்கும். காற்றிரைச்சல் உள்ளே வரும். ஒரு மணி நேரம் தாங்கலாம். சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை என்றால் களைப்பு தெரியும். மே மாத மதியத்தில் ஏ.சி.யின் குளிர்ச்சி துணி வழியாகச் சீக்கிரம் வீணாகும். ஹார்ட் டாப்பிலும் உள்புறம் வெப்பத்தடுப்பு லைனிங் இல்லையென்றால் கூரை தகிக்கும். ஆனால் லைனிங் பிறகு போட்டுக்கொள்ளக்கூடிய ஒன்று. துணியில் அந்த வசதி குறைவு.

பின் இருக்கையை மறக்காதீர்கள். மூன்று கதவு ஹார்ட் டாப்பில் பின்பக்கக் கண்ணாடிகள் இறங்காது. மலைப்பாதையில் குமட்டும் பிள்ளைக்குக் காற்று வேண்டுமென்றால் முன் ஜன்னலைத்தான் இறக்க வேண்டும். கன்வெர்ட்டிபிளில் பின் ஜன்னல் துணியைக் கழற்றிவிடலாம். வயதான அப்பா அம்மாவுக்கோ எந்தக் கூரையானாலும் முன் இருக்கையை மடக்கிப் பின்னால் ஏறுவதே சிரமம். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

படி 4: காட்டுப்பாதையில் எது உதவும் என்று எடைபோடுங்கள்

சாஃப்ட் டாப்பின் அருமை தெரிவது இங்கேதான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கல்பாதை போன்ற இடங்களில் கூரை திறந்திருந்தால் நான்கு புறமும் பார்வை கிடைக்கும். வெளியே நின்று வழிகாட்டுபவரின் குரல் தெளிவாகக் கேட்கும். டயர் கல்லில் வழுக்கும் சத்தமும் கேட்கும். மேலே எடை குறைவதால் சரிவில் வண்டியின் நிலைப்புக்கும் சற்று நல்லது. இந்த அனுபவத்துக்காகவே வண்டி வாங்குகிறீர்கள் என்றால், மற்ற அசௌகரியங்களைத் தாங்குவதில் நியாயம் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. தாழ்ந்த முட்கிளை துணியைக் குத்திக் கிழிக்கும். ஃபைபரில் கீறல் மட்டும் விழும். வரிசையாகப் போகும் வண்டிகளில் பின்னால் வருபவர் புழுதியைத் தின்ன வேண்டியிருக்கும். மூடினாலும் ஜிப் இடுக்கு வழியாகப் புழுதி நுழையும். யானை நடமாடும் காட்டுச்சாலையில் கூரையைத் திறந்து போவது ஆபத்து. அங்கே எந்த வண்டியும் மூடியே போகட்டும்.

கூரைமேல் சாமான் ஏற்ற நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஹார்ட் டாப் என்பதாலேயே அது எடை தாங்கும் என்று எண்ணாதீர்கள். கேரியரின் எடை உடற்சட்டத்தில் இறங்க வேண்டும். உரிமையாளர் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள்.

படி 5: உயிர்ப் பாதுகாப்பைத் தனியாக யோசியுங்கள்

2020 நவம்பரில் குளோபல் என்.சி.ஏ.பி. அமைப்பு தாருக்குப் பெரியவர், குழந்தை பாதுகாப்பு இரண்டிலும் 4 நட்சத்திரம் கொடுத்தது. அது மோதல் சோதனை. வண்டி உருண்டால் என்னவாகும் என்று அதில் பார்ப்பதில்லை. உருளும்போது தாங்குவதற்கு உள்ளே இருக்கும் ரோல் கேஜை நம்ப வேண்டும். துணியையும் ஃபைபரையும் நம்ப முடியாது. உடல் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்க சீட் பெல்ட் வேண்டும். துணிக்கூரை வண்டியில் கையோ தலையோ வெளியே போக வழி அதிகம். எனவே பின் இருக்கையிலும் பெல்ட் போடாமல் வண்டியை நகர்த்தாதீர்கள். ரோல் கேஜை வெட்டி, வெல்டிங் செய்து ‘அழகுபடுத்தும்’ பட்டறைகளைத் தவிருங்கள்.

படி 6: சட்டத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்

‘இப்போது சாஃப்ட் டாப் வாங்கலாம், பிறகு வெளியே ஹார்ட் டாப் போட்டுக்கொள்ளலாம்’ என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு முரணான மாற்றங்கள் கூடாது என்று தீர்ப்பளித்தது. கூரையை மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரியப்படுத்துங்கள். சொல்லாமல் மாற்றினால் விபத்து இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரலாம். தொடக்கத்திலேயே வேண்டிய கூரையோடு வாங்குவதுதான் நிம்மதி.

படி 7: ஷோரூமுக்கு வெளியே சோதியுங்கள்

1. மதியம் ஒரு மணிக்கு மேல் ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிடம் ஏ.சி. ஓடிய பிறகு, கூரையின் உள்புறத்துக்கு அருகே கையை வைத்து வெப்பத்தை உணருங்கள்.

2. பைபாஸில் சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் போகும்போது, பின் இருக்கையில் இருப்பவரோடு இயல்பான குரலில் பேசிப் பாருங்கள். கத்த வேண்டியிருந்தால் அது தினசரி விஷயமாகப் போகிறது.

3. கன்வெர்ட்டிபிள் என்றால் யாருடைய உதவியும் இல்லாமல் நீங்களே கூரையைத் திறந்து மூடுங்கள். திடீர் மழையில் சாலையோரம் நின்று இதைத்தான் செய்யப் போகிறீர்கள்.

4. பழைய வண்டி என்றால் பத்து நிமிடம் ஹோஸில் தண்ணீர் அடித்து, உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து பார்க்கட்டும். முன்கண்ணாடியின் மேல்விளிம்பு, கதவின் மேல் மூலைகள், பின் மூலைகள் ஆகியவைதான் ஒழுகும் இடங்கள். மேட்டைத் தூக்கித் தரையில் துரு உண்டா என்றும் பாருங்கள். ஹார்ட் டாப்பில் போல்ட்டைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

படி 8: பராமரிக்க மனம் இருக்கிறதா என்று கேளுங்கள்

சாஃப்ட் டாப்புக்கு வேலை அதிகம். பிளாஸ்டிக் ஜன்னலை உலர்ந்த துணியால் ஒருபோதும் துடைக்கக் கூடாது. முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு, மெல்லிய துணியால் மெதுவாக ஒற்றியெடுங்கள். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர், பெட்ரோல், தின்னர் எதுவும் படக்கூடாது. துணி ஈரமாக இருக்கும்போது மடித்து வைக்காதீர்கள். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதத்து உறைபனிக் காலைகளில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும். வெயில் ஏறிய பிறகே மடியுங்கள், இல்லையென்றால் விரிசல் விடும். ஜிப்பில் மெழுகு தேய்த்துவந்தால் இறுகாது. கடலோரத்தில் இருப்பவர்கள் அடிக்கடி நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

ஹார்ட் டாப்புக்கு வேலை குறைவு. ரப்பர் பீடிங்கில் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். கரடுமுரடான பயணம் முடிந்ததும் போல்ட்டுகளைச் சரிபார்த்தால் கிறீச்சிடும் சத்தம் வராது. வாட்டர் சர்வீஸில் அழுத்த நீரைப் பீடிங்கின் மேல் நேராக அடிக்க விடாதீர்கள்.

படி 9: முடிவெடுங்கள்

குறித்து வைத்ததை எடுத்துப் பாருங்கள்.

வீட்டில் இது ஒன்றுதான் கார், வெட்டவெளியிலோ தெருவிலோ நிற்கும், நீண்ட நெடுஞ்சாலைப் பயணம் உண்டு, பின்னால் குடும்பம் உட்காரும் என்றால் ஹார்ட் டாப். இவற்றில் இரண்டு பொருந்தினாலும் போதும்.

கூரை போட்ட பார்க்கிங் இருக்கிறது, வேறு கார் இருக்கிறது, வார இறுதிக்கும் காட்டுப்பாதைக்கும்தான் இந்த வண்டி, துணியைப் பராமரிக்கும் பொறுமையும் உண்டு என்றால் தயங்காமல் சாஃப்ட் டாப் எடுங்கள். இங்கே நான்கும் பொருந்த வேண்டும். திறந்த கூரையில் மலையேறும் மகிழ்ச்சியை ஹார்ட் டாப் தராது. அதற்கான வசதி இருப்பவர்கள் ‘எதற்கும் பத்திரமாக’ என்று ஹார்ட் டாப் வாங்கினால், ஆசைப்பட்டது கிடைக்காமலே போகும்.

இரண்டுக்கும் நடுவில் நின்று தடுமாறினால் ஹார்ட் டாப் பக்கம் சாயுங்கள். முன்பணம் கட்டும் முன், பின் இருக்கையில் தினமும் உட்காரப் போகிறவரை அழைத்துப் போய் மதிய வெயிலில் அரை மணி நேரம் உட்காரவைத்து ஓட்டுங்கள். இறங்கியதும் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.