தறி ஓடும் வீட்டில் கேமிங் கம்ப்யூட்டர்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வெம்பாக்கம் பக்கம் ஆரணிப் பட்டு நெய்கிற வீடுகளிலும் பிள்ளைகள் இப்போது கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறார்கள். உயர்தரமாகச் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டும் செலவு. இணையத்தில் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் ஏசி அறையையும் சீரான மின்சாரத்தையும் மனத்தில் வைத்துச் சொன்னவை. நம் வீடுகளில் கத்திரி வெயில் உண்டு, நூல் பிசிறு உண்டு, கரண்ட் ஏறி இறங்குவதும் உண்டு. பாகங்களை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

1. முதலில் மானிட்டரை முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான். 27 அங்குலம், 2560×1440 புள்ளிகள், 144 ஹெர்ட்ஸுக்கு மேல் என்றால் கண்ணுக்கும் பணத்துக்கும் பொருத்தம். 4கே கேட்டால் கிராபிக்ஸ் கார்டு செலவு தானாக எகிறும். சேலை டிசைன் வேலையும் அதிலேயே பார்ப்பதாக இருந்தால் நிறம் சரியாகத் தெரிகிற ஐ.பி.எஸ். பேனல் வாங்குங்கள். பொருத்திய பிறகு விண்டோஸ் செட்டிங்கில் ஹெர்ட்ஸை மாற்ற மறக்காதீர்கள். பல வீடுகளில் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் மாதக்கணக்கில் 60-லேயே ஓடிக்கொண்டிருக்கும்.

2. பணத்தில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். 1440-க்கு ஆர்.டி.எக்ஸ். 5070 டிஐ, ரேடியான் ஆர்.எக்ஸ். 9070 எக்ஸ்.டி. இரண்டுமே தாராளம். இரண்டிலும் 16 ஜிபி நினைவகம், இரண்டும் சுமார் 300 வாட் இழுக்கும். 5090 கார்டு 575 வாட் இழுக்கும். அத்தனையும் வெப்பமாக அறைக்குள்தான் இறங்கும். மே மாதம் ஓட்டு வீட்டில் அதை வைத்து உட்கார முடியாது. பணம் இருந்தாலும் அந்தக் கார்டு நம் ஊருக்கு வேண்டாம் என்பேன்.

3. பிராசஸர் கேமுக்கென்றால் ரைசன் 7 9800எக்ஸ்3டி நல்ல தேர்வு. 8 கோர், 96 எம்.பி. எல்3 கேஷ். விலை குறைந்தால் முந்தைய 7800எக்ஸ்3டி-யும் போதும். இரண்டும் ஏஎம்5 மதர்போர்டில் உட்காரும் என்பதால், சில வருடம் கழித்து பிராசஸரை மட்டும் மாற்ற வழி இருக்கிறது.

4. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். பாவு சரியில்லாத தறியில் எவ்வளவு நல்ல ஊடை போட்டாலும் சேலை வராது, இதுவும் அப்படித்தான். மேலே சொன்ன 300 வாட் கார்டுகளுக்கு 850 வாட், 80 பிளஸ் கோல்டு, நல்ல கம்பெனி. கேபினட்டோடு இலவசமாகத் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை இதற்குப் போடவே கூடாது. புதிய கார்டுகளில் வரும் 16 முனை பவர் கேபிளை ‘க்ளிக்’ என்று முழுசாக உட்காரும்வரை அழுத்துங்கள். அரைகுறையாகச் செருகியதால் 2022-இல் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகளில் கேபிள் முனை உருகிய செய்திகள் உலகம் முழுக்க வந்தன.

5. பாகம் வாங்கும் முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் கம்பி மட்டும் இருக்காது. கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்றால் அதுதான் காரணம். செலவு கொஞ்சம், காப்பாற்றுவது பிள்ளையை.

6. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யூ.பி.எஸ். சுமார் 360 வாட்தான் தாங்கும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணையும். சைன் வேவ் வகையில், 900 வாட் தாங்கக்கூடியதாக வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்பி விடாதீர்கள். அது மாறிக்கொள்ளும் கண நேரத்திலேயே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம்.

7. கேபினட்தான் நம் வீடுகளில் அதிகம் யோசிக்க வேண்டிய பாகம். தார் சுற்றும்போது பறக்கிற மெல்லிய பட்டிழை, சாதாரணத் தூசி மாதிரி உதிராது. ஃபேன் அச்சில் சுற்றிக்கொள்ளும். கண்ணாடி முகப்பு அழகு, ஆனால் காற்று போகாது. முன்பக்கம் வலை, அதற்குள் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் உள்ள கேபினட்டாகப் பாருங்கள். முன்னால் மூன்று ஃபேன் காற்றை உள்ளே இழுக்கட்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருந்தால் ஃபில்டர் இல்லாத சந்துகள் வழியாகப் பிசிறு நுழையாது. ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும். பின்பக்க ஸ்லாட் தகடுகளைத் தூக்கி எறியாதீர்கள், அந்த ஓட்டை வழியாகத்தான் பல்லி நுழையும். தறி இருக்கும் கூடத்தில் வைக்காமல் வேறு அறையில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

8. லிக்விட் கூலர் தேவையில்லை. இரட்டை அடுக்கு ஏர் கூலர் போதும். அதில் பம்ப் இல்லை, கெட்டால் ஃபேனை மட்டும் மாற்றலாம். அறை 10 டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும் என்பதால், வெப்பத்தைக் கோடையில் சோதித்துப் பாருங்கள்.

9. ரேம்: டிடிஆர்5, 6000 வேகம், 16 ஜிபி இரண்டு. நான்கு செருகினால் வேகம் குறைய வாய்ப்பு உண்டு. பயாஸில் எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் செய்யாவிட்டால் 4800-லோ 5600-லோதான் ஓடும். 2025 கடைசியில் டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை கடகடவென்று ஏறியது. ஆகவே பட்ஜெட் போடும்போது இதன் விலையை அன்றன்றைக்கு விசாரியுங்கள். எஸ்.எஸ்.டி. நான்காம் தலைமுறை, 2 டிபி. ஐந்தாம் தலைமுறை அதிகம் சுடும், கேமில் பெரிய வித்தியாசம் தெரியாது.

10. கரண்ட் பில்லையும் கணக்கில் எடுங்கள். 600 வாட்டில் தினம் 4 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். வீட்டு இணைப்புக்கு இலவசமாக வரும் யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். கைத்தறிக்கென்று அரசு தரும் இலவச மின்சாரம் தறிக்கானது. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கினால் வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடும் பில்லும் நன்றாகவே இறங்கும்.

11. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால் ஒரே நாளில் எல்லாவற்றையும் நேரில் பார்க்கலாம். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். ‘பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்’ என்றால் நன்றி சொல்லி அடுத்த கடைக்குப் போங்கள். பெட்டியில் இந்திய வாரண்டி என்று அச்சிட்டிருக்கிறதா, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று கேளுங்கள். கடையிலேயே பொருத்தி, ஒரு கேமை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். கார்டு கனமானது, பஸ்ஸில் கொண்டுவருவதானால் கழற்றி அதன் பெட்டியிலேயே தனியாகக் கொண்டுவாருங்கள்.