கழிவு நீரில் வளரும் மீன்

கொல்கத்தா பெரிய நகரம். அதன் மேற்கே ஹூக்ளி ஆறு ஓடுகிறது. ஆனால் நகரின் கழிவு நீரில் பெரும்பகுதி ஆற்றுக்குப் போவதில்லை. நிலம் கிழக்குப் பக்கம் சரிந்திருக்கிறது. அதனால் கழிவு நீர் கால்வாய் வழியாகக் கிழக்கே போகிறது.

கிழக்கே என்ன இருக்கிறது? மீன் பண்ணை, நெல் வயல், காய்கறித் தோட்டம். எல்லாம் சேர்த்துச் சுமார் 31 ஆயிரம் ஏக்கர்.

முன்பு இங்கே உப்பு நீர் ஏரிகள் இருந்தன. வித்யாதரி என்ற ஆறு கடல் நீரைக் கொண்டு வந்தது. அந்த ஆறு மண் மேவித் தூர்ந்து போனது. உப்பு நீர் நின்றது. மீன் பிடித்தவர்கள் என்ன செய்வார்கள்? சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் கழிவு நீரைக் குளத்தில் விட்டுப் பார்த்தார்கள். மீன் நன்றாக வளர்ந்தது!

சாக்கடைத் தண்ணீரில் மீனா என்று முகம் சுளிக்காதீர்கள். அவர்கள் செய்யும் முறையைப் பாருங்கள்.

முதலில் குளத்தைக் காயப் போடுகிறார்கள். சேற்றைக் கிளறி விடுகிறார்கள். பிறகு கழிவு நீரை விட்டுச் சில வாரம் அப்படியே வைக்கிறார்கள். குளத்தில் ஆழம் குறைவு. அதனால் வெயில் நன்றாகப் பாய்கிறது. வெயில் பட்டு நோய்க் கிருமிகள் சாகின்றன. அழுக்கு மட்கி உரமாகிறது. அதில் பாசியும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. இவைதான் மீனுக்குத் தீனி. அதன் பிறகே மீன் குஞ்சு விடுகிறார்கள். ரோகு, கட்லா, நம் ஊர் ஜிலேபிக் கெண்டை எல்லாம் வளர்கின்றன.

கரையோரம் ஆகாயத் தாமரையை வளர்க்கிறார்கள். நாம் அதைப் பிடுங்கி எறிகிறோம். அங்கே அது அலையிலிருந்து கரையைக் காக்கிறது. தண்ணீரில் உள்ள நச்சு உலோகங்களையும் உறிஞ்சுகிறது. மீன் குளத்திலிருந்து வெளியேறும் நீர் நெல் வயலுக்குப் போகிறது. தாபா என்ற இடத்தில் காலிபிளவர் பயிராகிறது.

இப்போது கணக்குப் பார்ப்போம். மீன் விற்ற காசு நம் கண்ணுக்குத் தெரியும். நெல், காய்கறி விற்ற காசும் தெரியும். கழிவு நீரை இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்தால் எவ்வளவு செலவாகும்? கட்டடம், மின்சாரம், சம்பளம் எல்லாம் வேண்டும். அந்தச் செலவு நகரத்துக்கு மிச்சம். மழை வெள்ளம் தங்கவும் இடம் கிடைக்கிறது. இந்த வேலைக்கு விவசாயிக்கு யாரும் கூலி தருவதில்லை.

1980-களில் துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர் இந்த நிலத்தை ஆராய்ந்தார். இயற்கை தரும் மானியத்தில் கொல்கத்தா வாழ்கிறது என்று எடுத்துச் சொன்னார். 1992-இல் உயர் நீதிமன்றம் இந்த நிலத்தைக் காக்கத் தீர்ப்புச் சொன்னது. 2002-இல் உலக அளவில் முக்கியமான ஈர நிலம் என்ற மதிப்புக் கிடைத்தது. 2006-இல் மாநில அரசு தனிச் சட்டமே போட்டது.

சட்டம் வந்தும் குளங்கள் மூடப்படுகின்றன. நகரம் பக்கத்தில் இருப்பதால் மனைக்கு நல்ல விலை. குளத்தை மண் போட்டு மூடி விற்றால் ஒரே நாளில் பெரிய தொகை கிடைக்கும். அது நிலத்தின் சொந்தக்காரருக்கு. வலை இழுத்தவருக்கும், மீன் சுமந்தவருக்கும் வேலை போய்விடும். கால்வாய்கள் தூர்ந்து, பல குளங்களுக்குப் போதிய கழிவு நீரும் வருவதில்லை. தோல் பதனிடும் நச்சு நீர் கலக்கும் ஆபத்து வேறு இருக்கிறது. அந்த நஞ்சை வெயிலால் அழிக்க முடியாது. அதை வரும் இடத்திலேயே பிரித்தாக வேண்டும்.