கூடுவிட்டுக் கூடு பாய்தல்

உயிர் நீங்கின் உடல் இயங்காது. அவ்வாறே கணிப்பொறி எத்துணைத் திறம் வாய்ந்ததாயினும், இயங்குதளம் என்னும் மென்பொருள் இன்றேல் வெறும் பெட்டியே ஆகும். தட்டும் எழுத்தை ஏற்பதும், நினைவகத்தைப் பல பணிகளுக்குப் பங்கிட்டு அளிப்பதும் அதன் தொழில்களாம்.

கணிப்பொறியின் மூளை போன்றது செயலி. செயலிகள் பல இனத்தன. ஒவ்வோர் இனத்திற்கும் தனிக் கட்டளைமொழி உண்டு. ஆதலின் ஒரு செயலியையே நம்பி எழுதப்பட்ட இயங்குதளம், அச்செயலி வழக்கொழியுங்கால் தானும் மாய்ந்துபோகும். அதனைக் காக்கும் வழி, வேறு செயலிகளுக்கும் ஏற்றதாக அதனை அமைப்பதே.

பின்லாந்து நாட்டின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர், 1991-ஆம் ஆண்டில் லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவினை எழுதி வெளியிட்டார். அவரிடம் இருந்தது இன்டெல் 386 செயலி கொண்ட கணிப்பொறி. அச்செயலிக்கே உரிய இயல்புகளைக் கொண்டு எழுதியமையால், பிற பொறிகளுக்கு அஃது ஏற்றதன்று என அவரே அறிவித்தார். ஆயினும் மூலநிரலை அவர் மறைத்து வைத்தாரல்லர். யாவரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். திருத்தி வழங்குவோர் அதன் மூலத்தையும் உடன் வழங்குதல் வேண்டும் என்னும் பொது உரிமத்தின்கீழ் 1992-இல் அதனை அளித்தார்.

1994-ஆம் ஆண்டில், டிஜிட்டல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஹால் என்பவர், ஆல்பா செயலி பொருந்திய கணிப்பொறி ஒன்று டோர்வால்ட்சுக்குக் கிடைக்கச் செய்தார். இரு செயலிகளுக்கும் இடையே வேற்றுமை பெரிது. 386 செயலி ஒரே வேளையில் 32 துணுக்குகளைக் கையாளும். ஆல்பாவோ 64 துணுக்குகளைக் கையாளும். முன்னதில் நினைவகப் பக்கம் ஒன்றின் அளவு 4,096 எண்மி. பின்னதில் 8,192 எண்மி. 32 துணுக்கு அளவுள்ள இடத்தில் 64 துணுக்கு முகவரியை இட்டால் அதன் பாதி அறுபட்டுப் போகும். சிறியது எனத் தோன்றும் இப்பிழை முழு அமைப்பையும் நிலைகுலையச் செய்யும்.

இனத்திற்கு ஒரு படியாகத் தனித்தனியே எழுதிக்கொள்ளலாம் அன்றோ எனின், ஒரு படியில் கண்ட குற்றத்தைப் பிறவற்றிலும் தேடித் திருத்த நேரும். நாளடைவில் அவை ஒன்றற்கொன்று அயலாகிவிடும். எனவே டோர்வால்ட்ஸ் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான பகுதியையும், ஒவ்வொரு செயலிக்கும் சிறப்பான பகுதியையும் வேறு பிரித்தார். களிமண் நிலத்தில் கடைக்கால் ஆழமாதல் வேண்டும். பாறை நிலத்தில் அத்துணை ஆழம் வேண்டா. மேலெழும் சுவரும் கூரையுமோ இரண்டிடத்தும் ஒரே அமைப்பினவாக இருக்கலாம். லினக்ஸ் அமைந்த முறையும் இதுவே.

1995 மார்ச்சில் வெளிவந்த 1.2 பதிப்பு இன்டெல், ஆல்பா, ஸ்பார்க், மிப்ஸ் ஆகிய செயலிகளுக்கு இடந்தந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தோன்றிய ரிஸ்க்-ஐந்து என்னும் கட்டமைப்பும் 2018-இல் அவ்வரிசையில் சேர்ந்தது. ஆர்ம் செயலி கொண்ட ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இக்கருவே இயங்குகின்றது.

பிறந்த கூடாகிய 386 செயலிக்குரிய பகுதி 2013-இல் வெளிவந்த 3.8 பதிப்பில் நீக்கப்பட்டது, லினக்சோ வாழ்கின்றது. பேணுவார் இன்மையால் இட்டானியம் என்னும் செயலிக்குரிய பகுதியும் 2024-இல் நீக்கப்பட்டது. மறைக்கப்படாத அறிவு நெடிது வாழும். எனினும் அதனைப் பேணும் கைகள் என்றும் வேண்டும் என்பதே இதனால் அறியத்தக்கது.